யாழ்ப்பாணத்திலிருந்து டாங்க் ஓடுவது: ஃபைனல் ஃபேண்டஸி 14, லெவல் 1 முதல் 70 வரை

ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஒன்லைன் கேமில் சாதாரண டஞ்சனுக்கு (மிருகங்களும் பாஸ்களும் நிறைந்த மூடிய இடம்) நாலு பேர் போவார்கள். ஒருவர் டாங்க் (எதிரிகளின் அடியைத் தன்மேல் வாங்குகிறவர்), ஒருவர் ஹீலர் (குணப்படுத்துகிறவர்), மற்ற இருவரும் அடிக்கிறவர்கள். புதிதாக வருகிற பொடியள் டாங்க் என்றாலே ஒதுங்குவார்கள். "நான் பிழை விட்டால் நாலு பேரும் சாகவேணும்" என்ற பயம்தான் காரணம். தேர்த் திருவிழாவில் வடம் இழுக்கிற சனத்தைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். தேர் வீதி மூலையில் வடிவாகத் திரும்புவது சில்லுக்குக் கட்டை போடுகிறவரின் கையில் இருக்கிறது. டாங்க்கின் வேலையும் அதுதான். பழக வேண்டிய பட்டன்கள் மிகக் குறைவு, எப்போது அழுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இலவச ட்ரையலிலேயே லெவல் 70 வரை போகலாம், கால எல்லை இல்லை. அதற்குள் பலடின், வாரியர், டார்க் நைட் ஆகிய மூன்று டாங்க்குகள் கிடைக்கும். கன்பிரேக்கர் ட்ரையலில் இல்லை. தொடங்குகிறவருக்கு வாரியரே நல்லது என்பது எங்கள் முடிவு. லிம்சா லொமின்சாவில் மராடராகத் தொடங்கி, லெவல் 30-இல் வாரியர் ஆகலாம். லெவல் 56-இல் வரும் ரா இன்டியூஷன், போட்டிருக்கும் 6 விநாடிக்குள் அடிக்கிற அடிக்கெல்லாம் உயிரைத் திருப்பித் தரும். ஹீலர் தூங்கிப்போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்ற தைரியம் அப்போதுதான் வரும்.

லெவல் 15-இல் முதல் வேலை ஹால் ஆஃப் தி நோவிஸ் பயிற்சி. அரை மணித்தியாலத்துக்குள் முடியும். முடித்தால் அந்த லெவலுக்கு ஏற்ற கவச செட்டும், லெவல் 30 வரை அனுபவப் புள்ளியை 30 வீதம் கூட்டும் மோதிரமும் தருவார்கள். இதை விட்டுவிட்டு முதல் டஞ்சனான சஸ்தாஷாவுக்குள் ஓடுவது வீண் அவசரம். சஸ்தாஷாவையும் முதல் முறை டூட்டி சப்போர்ட்டில், கணினி ஓட்டுகிற தோழர்களோடு போங்கள். நீங்கள் அடி தொடங்கும் வரை அவர்கள் காத்து நிற்பார்கள், வழி தெரியாமல் நின்றாலும் ஒருவரும் ஏச மாட்டார்கள்.

இனி ஸ்டான்ஸ், அதாவது டாங்க் எப்போதும் போட்டு வைத்திருக்க வேண்டிய நிலை. மராடருக்கு லெவல் 10-இல் டிஃபையன்ஸ் வரும். இதைப் போட்டிருந்தால்தான் மிருகங்களின் கோபம் உங்களில் நிற்கும். புதியவர்களின் டஞ்சனில் ஹீலர் செத்துக் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது டாங்க்கின் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஐகான் இருக்கிறதா என்பதைத்தான். ஜாப் மாற்றினால் அது கழன்றுவிடும். உள்ளே போனதும் ஒரு தடவை பார்த்துக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள். எதிரிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். சிவப்புச் சதுரம் என்றால் அது உங்களைத்தான் அடிக்கிறது. வேறு நிறம் தெரிந்தால் ஓவர்பவர் (சுற்றியுள்ளவற்றை ஒரேயடியாக அடிக்கும் பட்டன்) ஒன்று போடுங்கள். தூரத்தில் நிற்பதற்கு, அதன் கோபத்தை உங்கள் பக்கம் திருப்பும் ப்ரவோக் (லெவல் 15).

அடுத்தது கூட்டத்தை இழுப்பது, அதாவது புல். தொடக்கத்தில் ஒரு கூட்டம் போதும். கை பழகியதும் இரண்டு கூட்டத்தைச் சேர்த்து, கதவு அல்லது சுவர் மறிக்கும் இடம் வரை கொண்டுபோவார்கள். முதல் மிருகத்தைத் தொடுவதற்கு முன்பே ஸ்பிரின்ட்டை அழுத்துங்கள். சண்டைக்கு வெளியில் அழுத்தினால் 20 விநாடி, சண்டைக்குள் அழுத்தினால் 10 விநாடிதான். முதல் கூட்டத்தில் ஓவர்பவர் ஒன்று போட்டு நிற்காமல் ஓடுங்கள், இரண்டாவதிலும் ஒன்று போட்டு ஓடுங்கள். நடுவில் நின்று திரும்பிப் பார்ப்பதுதான் பெரிய பிழை. ஓடும்போது பின்னால் வருகிறவற்றின் அடி குறைவாகத்தான் விழும். நின்றதும் எல்லாம் சேர்ந்து இறங்கும். அதோடு நீங்கள் நிற்பதைக் கண்டு ஹீலர் அந்த இடத்திலேயே குணப்படுத்தத் தொடங்குவார். பிறகு நீங்கள் ஓட, அவர் பின்தங்குவார்.

வில், மந்திரம் வைத்திருக்கும் மிருகங்கள் பின்னால் ஓடி வராமல் நின்ற இடத்தில் நின்றே அடிக்கும். அவற்றுக்கு ஒரே வைத்தியம், தூணுக்கோ மூலைக்கோ பின்னால் போய் மறைவது. கண் எட்டாவிட்டால் தாங்களாகவே நடந்து வந்து சேரும்.

இனித்தான் முக்கியமான விஷயம், தற்காப்புப் பட்டன்கள். ராம்பார்ட் (லெவல் 8) அடியை 20 வீதம் குறைக்கும், 20 விநாடி நிற்கும், திரும்ப வர 90 விநாடி ஆகும். வெஞ்சன்ஸ் (லெவல் 38) 30 வீதம், 15 விநாடி, திரும்ப 120 விநாடி. ரிப்ரைசல் (லெவல் 22) சுற்றியுள்ள எதிரிகளின் அடியை 10 வீதம் குறைக்கும், திரும்ப 60 விநாடி. ஆர்ம்ஸ் லெங்த் (லெவல் 32) உங்களைக் கையால் அடிக்கிறவற்றின் வேகத்தைக் குறைக்கும். பெரிய கூட்டத்தில் இதன் பெறுமதியைப் பலர் உணர்வதில்லை.

புதியவர்கள் இரண்டு விதமாகப் பிழை விடுவார்கள். ஒன்று, "அவசரத்துக்கு வேணும்" என்று கடைசி வரை பதுக்கி வைப்பது. கூட்டம் முழுதாக உயிரோடு இருக்கும் முதல் 15 விநாடியில்தான் அடி உச்சம். பாதி மிருகம் செத்த பிறகு ராம்பார்ட் போட்டு என்ன பயன்? மற்றது, பயத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழுத்துவது. இவை கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. 100 அடி வந்தால் ராம்பார்ட்டில் 80 ஆகும்; அந்த 80-இல் வெஞ்சன்ஸ் 30 வீதம் எடுக்க 56 மிஞ்சும். மொத்தக் குறைப்பு 50 அல்ல, 44. அதோடு 20 விநாடிக்குள் இரண்டும் தீர்ந்துபோகும். சுவரில் நின்றதும் ஒன்று, அது முடியும் தறுவாயில் அடுத்தது, இடையில் ரிப்ரைசலும் ஆர்ம்ஸ் லெங்தும். அடுத்த கூட்டத்துக்கு வேறு பட்டனில் தொடங்குங்கள். ஹோல்ம்காங் (லெவல் 42) 10 விநாடிக்கு உயிரை 1-க்குக் கீழே போக விடாது, 240 விநாடியில் திரும்ப வரும். பலடினின் இதே மாதிரிப் பட்டனுக்கு 420 விநாடி காத்திருக்க வேண்டும். எனவே ஹோல்ம்காங்கைத் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் ஹீலருக்கு முதலே சொல்லிவிடுங்கள், பாவம் அவர் பதறிப்போவார்.

இங்கிருந்து விளையாடும்போது பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) விஷயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜப்பானில் எலிமென்டல், கயா, மானா, மீட்டியோர் என நாலு டேட்டா சென்டர், ஓசியானியாவில் மட்டீரியா ஒன்று. எதில் இருந்தாலும் 100 மில்லி விநாடிக்கு மேல் எதிர்பாருங்கள். அடி விழப்போகும் இடத்தைக் காட்டும் செம்மஞ்சள் வட்டத்துக்குள் உங்களுக்கு அடி விழுமா இல்லையா என்பதை சர்வர் தீர்மானிப்பது காஸ்ட் பார் (எதிரி அடிக்கத் தயாராவதைக் காட்டும் பட்டை) முடியும் கணத்தில். வெடிப்பு கண்ணுக்குத் தெரிவது அதற்குப் பிறகு. எனவே பாரில் கால் பங்கு மிச்சம் இருக்கும்போதே வெளியே வந்துவிடுங்கள். பாஸின் பெரிய அடிக்கும் காஸ்ட் தொடங்கியதுமே தற்காப்பை அழுத்துங்கள். உங்கள் இரண்டு அடிகளுக்கு இடையிலான 2.5 விநாடிக்குள் இரண்டு துணைப் பட்டன்களைத் திணித்தால் அடுத்த அடி பிந்தும், ஒன்றோடு நிறுத்துங்கள். வைஃபையை விட்டு லான் கேபிள் போட்டால் பிங் பெரிதாகக் குறையாது, ஆனால் துள்ளாது. டாங்க்குக்குத் துள்ளாமல் இருப்பதுதான் வேண்டும்.

கரண்ட் போனால் லாப்டொப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். கேமுக்கு 140 ஜிபி இடம் வேண்டும், இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்குங்கள்.

ஜப்பானின் இரவு 8 முதல் 11 மணி வரை எங்களுக்குப் பின்னேரம் 4.30 முதல் 7.30 வரை. சனம் கூட இருப்பது அப்போதுதான். தினசரி ரூலட் (எழுமாறாக ஒரு டஞ்சனுக்கு அனுப்பும் வரிசை) இரவு 8.30-க்குப் புதுப்பிக்கும். டாங்க் என்பதால் வரிசையில் நிற்பது குறைவு, ஆள் தட்டுப்பாட்டு நேரத்தில் மேலதிக வெகுமதியும் உண்டு. ஜப்பானியம் தெரியாதது ஒரு தடையே இல்லை. சொல்லைத் தட்டி டாப் விசையை அழுத்தினால் கேமின் அகராதியில் உள்ள சொற்களை அவரவர் மொழியில் காட்டும். தொடக்கத்தில் ஒரு வணக்கம், முடிவில் ஒரு நன்றி. அங்கே இது கட்டாயம் மாதிரி.

ட்ரையலில் மார்க்கெட் போர்ட் (விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் சந்தை) இல்லை, கில் (கேம் காசு) 300,000-க்கு மேல் சேராது. எனவே கவசத்துக்கு டஞ்சன் பெட்டியில் விழுவதும் கடைச் சாமானும்தான். லெவல் 50-இல் பொயட்டிக்ஸ் (டஞ்சன் முடித்தால் சேரும் டோக்கன்) கொடுத்து அயர்ன்வர்க்ஸ் செட்டை எடுத்து, மேம்படுத்தி, ஐட்டம் லெவல் 130-க்குக் கொண்டுவந்தால் அந்தக் கவலை கொஞ்ச நாளைக்கு இல்லை.

அதுவரை கவசம் பழசாக இருந்தால் முதலில் காட்டிக் கொடுப்பது ஸ்டோன் விஜில் (லெவல் 41). அங்கே இரண்டு கூட்டம் இழுக்க முதல் மார்பு, கால் கவசங்களைப் புதுப்பியுங்கள். ஓரம் வேல் (லெவல் 47) வேறு மாதிரி. முதல் அறை முழுக்க மிருகங்கள். நடுவால் போகாமல் சுவரோரமாகப் போங்கள், எல்லாரையும் பின்னால் வரச் சொல்லுங்கள். முதல் பாஸ் கோல்ட் லங் என்ற நஞ்சை அடுக்கடுக்காக ஏற்றும். அங்கேயே முளைத்திருக்கும் மோர்போல் பழத்தைத் தின்றால் அது போகும். இரண்டு அடுக்கு ஏறியதும் ஒரு பழம் எடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் முடித்துவிடாதீர்கள், ஹீலருக்கும் வேண்டும்.