வடசேரி சனிக்கிழமை அறிவியல் வகுப்பு: தாராளமாக அனுப்பலாம்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் நடக்கிற வகுப்பு. கட்டணம் 200 ரூபாய். மகளோடு நானும் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அணுக்கரு இணைவு உலையின், அதாவது லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும் உலையின், எரிபொருள் பற்றிய பாடம். உள்ளே விடும் டியூட்டிரியம், டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் வகைகளில் ஒரு சுற்றில் எரிவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் எரிந்ததில் உண்டான ஹீலியத்தோடு கலந்து வெளியே வந்துவிடும், அதைச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்பியே ஆக வேண்டும், ஏனென்றால் டிரிட்டியம் இயற்கையில் மிக அரிது, இருப்பதும் 12.3 ஆண்டில் பாதியாகிவிடும். சார் டீ வடிகட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பல்லேடியம்-வெள்ளிச் சவ்வு ஹைட்ரஜன் வகைகளை மட்டும் ஊடுருவ விட்டு ஹீலியத்தை எப்படி நிறுத்துகிறது என்று விளக்கினார். அப்புறம் மைனஸ் 250 டிகிரி வாக்கில் குளிர்வித்து, கொதிநிலை வித்தியாசத்தை வைத்து, கோபுரம் மாதிரி ஒரு கலனில் அந்த ஹைட்ரஜன் வகைகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்களாம்.

"அப்போ டிரிட்டியம்தான் அடியில தங்குமா சார்?" என்று மகள் கேட்டாள். அவர் பலகையை முழுக்க அழித்துவிட்டு அந்தக் கோபுரத்தை முதலிலிருந்து வரைந்தார். எனக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

குறை என்றால், மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பின்வரிசைக்கு ஒன்றுமே கேட்காது. சீக்கிரம் போய் முன்னால் இடம் பிடியுங்கள். அடுத்த வாரத்துக்கும் பணம் கட்டிவிட்டேன்.