பார்க்கிங்கில் நிற்கும் கறுப்பு பைக்குக்கு ரிப்ளெக்டர் டேப்: ஒட்டிப் பார்த்த அனுபவம்

என் வண்டி கறுப்பு ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. 195 கிலோ இரும்பு, எப்படிக் கண்ணில் படாமல் போகும் என்று கேட்கலாம். சென்னை ஓஎம்ஆரில் எங்கள் அலுவலக பேஸ்மென்ட்டில் தூண் நிழலில் நிறுத்திவிட்டு வந்து பாருங்கள், புரியும். ரிவர்ஸ் எடுக்கிற கார் லேசாகத் தட்டினாலே போதும், சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடது பக்கம் சாய்ந்து கிளட்ச் லீவரும் இண்டிகேட்டரும் காலி. அந்தச் செலவு அலுத்துப்போய்த்தான் ஜி.பி. ரோட்டில் ரிப்ளெக்டர் டேப் வாங்கி ஒட்டினேன். இப்போது ரெண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது.

நிறத்துக்கு லாரிகளைப் பார்த்தாலே போதும், முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. வண்டியின் அழகு கெடும் என்பவர்களுக்குக் கறுப்பு டேப்பும் கிடைக்கிறது, பகலில் பெயின்ட்டோடு கலந்துவிடும், வெளிச்சம் பட்டால் வெள்ளையாக மின்னும். பின்பக்கம் ஓரத்தில் தொங்கும் பேனியர் பெட்டியில் ஒட்டியது அப்படியே இருக்கிறது. சைலன்சர் பக்கம் ஒட்டியது சூட்டில் உரிந்துவிட்டது, வளைவான மட்கார்டில் ஓரம் தூக்குகிறது, வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் காட்டினால் மிச்சமும் போய்விடும்.

சரி, பலன் உண்டா? எந்தக் கார், எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. இந்த டேப் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அதனால் ஹெட்லைட் போட்டு நேராக வருபவருக்கு அட்டகாசமாகத் தெரியும். ரிவர்ஸ் லைட்டோ காரின் வாலில் இருக்கிறது, ஓட்டுபவரின் கண் ரொம்பத் தள்ளி முன் சீட்டில், கண்ணாடி வழியாகப் பார்ப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் மின்னாது. ஆனால் ரிவர்ஸ் கேமரா அந்த லைட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் திரையில் பளிச்சென்று தெரிகிறது, சக ஊழியரின் காரில் உட்கார்ந்தே பார்த்தேன்.

2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் பின் சென்சார் கட்டாயம்தானே என்று நம்பி இருக்க வேண்டாம். சுவரைப் பிடிக்கிற அளவுக்கு, சாய்ந்து நிற்கும் பைக்கின் மெல்லிய டயரை அது பிடிப்பதில்லை, சென்சார் அனுப்பும் ஒலி டயரில் பட்டு வேறு பக்கம் சிதறிவிடுகிறது. பழைய கார்களில் அதுவும் இல்லை.

பகலில் டேப்பால் பைசா பிரயோஜனமில்லை. அப்போது வேண்டியது உயரம். எஸ்யூவியின் பின் கண்ணாடிக்குக் கீழேயே நம் சீட் முடிந்துவிடுகிறது. அதனால் ரெண்டு மிரருக்கும் நியான் மஞ்சள் துணி உறை போட்டேன், பார்க்கக் கல்யாண வீட்டு ஜமுக்காளம் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் வேறு, இருக்கட்டும். திறந்தவெளியில் நன்றாக வேலை செய்கிறது, பேஸ்மென்ட்டில் அந்தப் பளீர் பாதிதான்.

எல்இடி ஸ்ட்ரிப் வேண்டாம், நாள் முழுக்க எரிந்தால் பேட்டரி தாங்காது. மழைக்குப் போடும் கருநீல கவர் இன்னும் மோசம், ஒட்டிய டேப்பையும் சேர்த்து மூடிவிடும், போட்டே ஆக வேண்டுமென்றால் கவர் மேலும் பட்டை ஒட்டுங்கள்.

இத்தனைக்கும் மேல், நிறுத்தும் இடம்தான் பெரிய வித்தியாசம் காட்டியது. ரெண்டு கார்களுக்கு நடுவில் உள்ளே தள்ளி நிறுத்துவதை விட்டேன். இப்போது தூணை ஒட்டி, டியூப் லைட்டுக்கு நேர் கீழே, பின் சக்கரம் கோட்டைத் தாண்டாமல். செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்லி வைத்ததில் அந்த மூலையை இப்போது பைக்குகளுக்கே விட்டுவிட்டார்.