மூன்று வருடமாக பிரிட்ஜில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள்: என் அனுபவம்

ஒரு லினக்ஸ் ஹோஸ்டில் (மற்றவற்றைத் தாங்கும் உண்மைக் கணினி) கேவிஎம், அதை நிர்வகிக்கும் லிப்வர்ட் வைத்து நான்கு விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளால் ஆன கணினிகள், இவைதான் கெஸ்டுகள்) மூன்று வருடமாக ஓட்டி வருகிறேன். தொடக்கத்தில் லிப்வர்ட் தானாக அமைத்துத் தரும் என்ஏடி நெட்வொர்க்தான், அதாவது கெஸ்டுகளை ஹோஸ்டின் முகவரிக்குப் பின்னால் வைக்கும் அமைப்புதான் இருந்தது. அதில் கெஸ்டுக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். உள்ளிருந்து இணையத்துக்குப் போகலாம். வெளியே உள்ள இன்னொரு கணினியால் கெஸ்டை நேரடியாக எட்ட முடியாது. ஒரு கெஸ்டைக் கோப்பு சர்வராக மாற்றியதும் வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கெஸ்டுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதிகளை எழுதி எழுதிச் சலித்துப்போய், கெஸ்டுகளை வெளி நெட்வொர்க்கிலேயே நேரடியாகச் சேர்க்கும் பிரிட்ஜுக்கு வந்தேன்.

முதல் நாளே ஹோஸ்ட் கையை விட்டுப் போனது. வேறு கணினியில் உட்கார்ந்துகொண்டு, எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நெட்வொர்க் கார்டை பிரிட்ஜில் சேர்த்தேன். அந்த நொடியே திரை உறைந்துவிட்டது. பிரிட்ஜ் என்பது மென்பொருளில் ஓடும் ஸ்விட்ச். கார்டு அதில் ஒரு போர்ட் ஆகிவிடுகிறது. அதன் பிறகு ஐபி முகவரியும் கேட்வேயும் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) பிரிட்ஜின் மேல்தான் இருக்க வேண்டும், கார்டின் மேல் அல்ல. இது மனதில் பதிந்த பின் மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்தது. இந்த மாற்றத்தை மட்டும் ஹோஸ்டின் முன்னால் உட்கார்ந்து, மானிட்டரும் கீபோர்டும் இணைத்துச் செய்யுங்கள்.

கெஸ்டை இணைப்பது சின்ன வேலை. லிப்வர்ட்டின் விர்ஷ் கட்டளையில் வகை பிரிட்ஜ், மாடல் விர்ட்டியோ (விர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே உள்ள கார்டு வகை) என்று கொடுத்தால் போதும். ஓடும் மெஷினில் மட்டும் சேர்த்துவிட்டு, நிலையான அமைப்பில் சேர்க்க மறந்தால், கெஸ்டை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது அந்த இணைப்பு இருக்காது. எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது.

அடுத்த தொல்லை, கெஸ்ட் எழுந்ததும் முகவரி கிடைக்கத் தாமதமானது. லினக்ஸில் நெட்வொர்க் அமைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் உருவாக்கும் பிரிட்ஜில், பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வருவதைத் தடுக்கும் எஸ்டிபி இயல்பாகவே இயங்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு போர்ட்டும் கேட்கும் நிலையில் 15 வினாடி, கற்கும் நிலையில் 15 வினாடி காத்திருந்துதான் பாக்கெட்டுகளைக் கடத்தத் தொடங்கும். அந்த 30 வினாடிக்குள் டிஎச்சிபி வழியாக (தானாக முகவரி பெறும் முறை) கேட்டுப் பார்த்துக் கைவிடும் கெஸ்டுகளும் உண்டு. வெளியே போக என்னிடம் ஒரே கேபிள்தான், சுழற்சி உண்டாக வழியில்லை என்பதால் எஸ்டிபியை நிறுத்தினேன். ஒரே ஸ்விட்சுக்கு இரண்டு கேபிள் போட்டிருப்பவர்கள் அதை நிறுத்தவே கூடாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது இரண்டாம் வருடம் வந்த சிக்கல்தான். அதே ஹோஸ்டில் ஒரு கன்டெய்னர் மென்பொருளை (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகள் போல ஓட்டுவது) நிறுவினேன். அன்று மாலையே நான்கு கெஸ்டுகளும் ஊமையாகிவிட்டன. ஹோஸ்டுக்கு இணையம் நன்றாக இருந்தது. கேபிள், ரூட்டர், பிரிட்ஜ் அமைப்பு எதிலும் குறையில்லை. பாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தபோது, ஐபி முகவரிக்கு உரிய கார்டைத் தேடும் ஏஆர்பி கேள்வியும் பதிலும் ஒழுங்காகப் போய்வந்தன, பிங் மட்டும் காணாமல் போனது. அங்கேதான் பிடி கிடைத்தது. கன்டெய்னர் மென்பொருள் கெர்னலில் பிரிட்ஜ் பாக்கெட்டுகளையும் ஃபயர்வாலுக்கு அனுப்பும் பிரிட்ஜ் நெட்ஃபில்டர் மாட்யூலை ஏற்றி, கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்ட் சங்கிலியின் (விதிகளின் வரிசை) இயல்பு விதியை 'கைவிடு' என்று மாற்றியிருந்தது. பிரிட்ஜுக்குள் ஓடும் ஐபி பாக்கெட்டுகளும் அந்தச் சங்கிலி வழியே போய் மடிந்தன. ஏஆர்பி, இந்தச் சங்கிலிகளை வைத்திருக்கும் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் பக்கமே வராததால் தப்பித்தது. வடிகட்டலை முழுவதும் அணைத்துவிடலாம், ஆனால் கன்டெய்னர்களின் விதிகளும் அதை நம்பியிருக்கலாம் என்பதால், என் பிரிட்ஜில் நுழைந்து அதிலேயே வெளியேறும் பாக்கெட்டுகளை அனுமதிக்கும் ஒரு விதியை மட்டும் சேர்த்தேன். அப்புறம் இன்று வரை தொந்தரவு இல்லை.

வேகத்தில் எனக்கு முழுத் திருப்தி. ஒரு கிகாபிட் கார்டில் கெஸ்டிலிருந்து ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவி வைத்து அளந்தால் 940 மெகாபிட்டை ஒட்டி வருகிறது. பிரிட்ஜ் இல்லாமல் கெஸ்டை நேரே கார்டில் இணைக்கும் மேக்விடேப்பையும் ஒரு வாரம் முயன்றேன். அமைப்பது இன்னும் எளிது, ஆனால் அதே கார்டின் வழியாக ஹோஸ்டும் கெஸ்டும் பேசிக்கொள்ள முடியாது. என் பேக்கப் ஹோஸ்டிலிருந்தே ஓடுவதால் அது ஒத்துவரவில்லை.

மடிக்கணினியில் மட்டும் இன்னும் என்ஏடிதான். வைஃபை கார்டைச் சாதாரணமாக பிரிட்ஜில் சேர்க்க முடியாது. தன்னிடம் பதிவான மேக் முகவரியிலிருந்து (கார்டின் வன்பொருள் அடையாளம்) வரும் ஃபிரேம்களை மட்டுமே அக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) ஏற்கும், கெஸ்டின் மேக் அதற்கு அந்நியம். கேபிள் செருகி வேலை செய்யும் நாட்களில் மட்டும் அங்கேயும் பிரிட்ஜுக்கு மாறிக்கொள்கிறேன்.