இந்தியாவா, சீனாவா: கட்டுரைக்கு எதை எடுப்பது?

வல்லரசின் பிராந்தியச் செல்வாக்கைப் புவியியல் எப்படித் தீர்மானிக்கிறது என்று எழுத, எந்த நாட்டை உதாரணமாக எடுப்பது? கல்முனையிலும் மட்டக்களப்பிலும் உயர்தர அரசறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் உண்டு.

தூரம்
இந்தியா: தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். 2004 சுனாமி நம் கரையைச் சிதைத்தபோது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் ஓரிரு நாளில் திருகோணமலைக்கு வந்துவிட்டன.
சீனா: பெரும்பாலும் மலேசியாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள மலாக்கா நீரிணை வழியாகச் சுற்றி வரவேண்டும்.

அயலவர்
இந்தியா: வடக்கே இமயமலை, தெற்கே திறந்த கடல்.
சீனா: தரையெல்லையில் 14 நாடுகள். மலாக்காவைத் தவிர்க்கவே மியன்மார் வழியாகத் தன் யுன்னான் மாகாணத்துக்கு எண்ணெய்க் குழாய் போட்டது.

துறைமுகம்
இந்தியா: சொந்தக் கரையே போதும்.
சீனா: பிறர் கரை வேண்டும். 2017இல் அம்பாந்தோட்டையை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனம் எடுத்தது. அதன் மதிப்பு கட்டடத்தில் இல்லை. கிழக்கு மேற்குக் கப்பற்பாதை அருகில் ஓடுவதில் இருக்கிறது. துறைமுகம் கட்டினால் மட்டும் போதுமென்று நினைப்பவர்கள் மணல் வாயை அடைத்த ஒலுவில் துறைமுகத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

பலவீனம்
இந்தியா: அருகில் இருப்பதால் அச்சமும் பிறக்கிறது. 1987 முதல் 1990 வரை இங்கே நின்ற அமைதிப்படையை மூத்தவர்கள் மறக்கவில்லை.
சீனா: பணம் நின்றால் பிடி தளரும்.

நேரம் குறைவென்றால் இந்தியா. வரைபடமே பாதி விடை. தூரத்தைப் பணத்தால் வெல்வது பற்றிய வினாவென்றால் சீனா.