துபாய் மெட்ரோ: ரயிலில் குறையில்லை, இறங்கிய பிறகுதான் பாடு

துபாயில் ஓட்டல் அறை போடும்போது மெட்ரோவின் ரெட் லைன் தடத்து நிலையம் ஐந்து நிமிட நடையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விமான நிலையத்தின் 1, 3 முனையங்கள், வர்த்தக மையம், துபாய் மால், மரீனா என வெளியூர்க்காரர் போகும் இடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே தடத்தில் வருகின்றன. 2009-இல் தொடங்கிய, ஓட்டுநரில்லாத ரயில். ஏசி, சுத்தம், நேரம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடையில் 45 டிகிரி வெயிலில், நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓட்டல் இருந்தால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் டாக்சிக்குப் போய்விடும்.

பயணத்துக்குப் பணம் ஏற்றித் தட்டும் நோல் அட்டையில் சாதாரண வகையான சில்வர் கார்டு 25 திர்ஹாம். அதில் 19 பயணத்துக்கு. நகரத்தை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணம் போடுகிறார்கள்: ஒரே மண்டலத்துக்குள் 3, அடுத்த மண்டலம் வரை 5, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 7.50. விமான நிலைய டாக்சியில் ஏறி உட்கார்ந்தாலே மீட்டர் 25-இல் தொடங்குகிறது. நாள் பாஸ் 20 திர்ஹாம். நீண்ட பயணம் மூன்று இருந்தால்தான் அது லாபம். 2 திர்ஹாம் காகித டிக்கெட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். எத்தனை மண்டலம் என்று முன்கூட்டியே சொல்லி வாங்க வேண்டும், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு திர்ஹாம் கூடுதல். சில்வர் கார்டில் 7.50-க்குக் கீழே இருப்பு இறங்கினால் கேட் திறக்காது. கவுன்டரில் குறைந்தது 50 திர்ஹாம் போடச் சொல்வார்கள். சில்லறைத் தொகைக்கு இயந்திரம்தான்.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது மரீனா டிராமில். அங்கே கேட் கிடையாது. நடைமேடையில் உள்ள கருவியில் ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டை நாமே தட்ட வேண்டும். மறந்தால் பரிசோதகர் 200 திர்ஹாம் அபராதம் தீட்டுவார். மெட்ரோவிலிருந்து வெளியே வந்து 30 நிமிடத்துக்குள் டிராமில் தட்டினால் ஒரே பயணமாகக் கணக்காகும்.

அடுத்த தலைவலி, நிலையப் பெயர்களை விளம்பரத்துக்கு விற்பது. பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். முதலில் துபாய் மரீனா, பிறகு டமாக், இப்போது சோபா ரியால்டி, மூன்றும் ஒரே நிலையம்தான். கராமாவில் இட்லி, தோசை தேடிப் போகிறவர் இறங்க வேண்டிய நிலையத்துக்கு இப்போது ஏடிசிபி என்று ஒரு வங்கியின் பெயர். மரீனாவைத் தாண்டிப் போகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஜபல் அலி நிலையத்தில் தடம் இரண்டாகப் பிரிகிறது, ஏறும் முன் அது எக்ஸ்போ பக்கம் போகும் ரயிலா, மற்றதா என்று பலகையில் பாருங்கள்.

பெண்கள், குழந்தைகள் பெட்டிக்குத் தரையில் இளஞ்சிவப்புக் கோடு இருக்கும். நெரிசலில் ஒதுங்கி நின்றாலும் ஆண்களுக்கு 100 திர்ஹாம் அபராதம். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அதே தொகை. கோல்டு என்ற உயர்வகுப்புப் பெட்டிக்கு இரட்டைக் கட்டணம். காலை 7 முதல் 9 வரை கோட்டுப் போட்டுக்கொண்டு மீட்டிங் போகிறவருக்கு அது தகும், மற்ற நேரத்தில் வீண்.

துபாய் மால் நிலையத்தில் இறங்கியதும் மால் வந்துவிடாது. ஏசி நடைபாலம் மட்டுமே சுமார் 820 மீட்டர். நகரும் பாதை உண்டு, ஆனாலும் முட்டி வலிக்காரருக்கு டாக்சியே மேல்.

ரயிலில் ஆளுக்கு ஒரு பெரிய சூட்கேஸ், ஒரு சின்னப் பை அனுமதி. விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்கு மெட்ரோ கிடையாது. வெள்ளிக்கிழமை தவிர நள்ளிரவோடு சேவை முடிந்துவிடும், ஞாயிறன்று காலை 8 மணிக்குத்தான் தொடங்கும். விடிகாலை விமானத்துக்கு முந்தின இரவே டாக்சி சொல்லி வையுங்கள்.