கர்ப்பகால ரத்தசோகை: கீரையா, மாத்திரையா, ட்ரிப்ஸா?

ஹீமோகுளோபின் 9 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 9 கிராம்) என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். ரத்தம் ஊற முருங்கைக்கீரை என்பார் மாமியார். அம்மா மாதுளையோடு வருவார். "ட்ரிப்ஸ் ஏத்திக்கோ, சீக்கிரம் சரியாயிடும்" என்று, நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றுவதைச் சொல்வார் பக்கத்து வீட்டு அக்கா. நர்ஸம்மா கொடுத்த சிவப்பு இரும்பு மாத்திரை மட்டும் அலமாரியில் அப்படியே கிடக்கும். இவற்றில் எது வேண்டும் என்பதை ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரசவத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்ற இரண்டு எண்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஒன்று. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்கள் 20, 30 சதவீதம்தான் கூடுகின்றன. அதனால் ரத்தம் நீர்த்துப்போகிறது. அதற்கு இடம் கொடுத்துத்தான் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று வைத்திருக்கிறார்கள். நடு மூன்று மாதங்களுக்கு அந்த எல்லை 10.5. ஆகவே 9 என்பதை "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

ஒரு கர்ப்பத்துக்குத் தேவைப்படும் இரும்பு மொத்தம் சுமார் 1000 மில்லிகிராம். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300, கூடுதல் சிவப்பணுக்களுக்கு 500, மீதி அன்றாட இழப்புக்கு. பெரும்பகுதி பின்பாதியில்தான் தேவைப்படுகிறது என்பதால் அப்போது தினமும் 6 மி.கி. அளவுக்கு இரும்பு ரத்தத்தில் சேர வேண்டும். சாப்பிடும் இரும்பில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

கீரை தோற்பது இந்தக் கணக்கில்தான். 100 கிராம் முருங்கைக்கீரையில் நாலைந்து மி.கி. இரும்பு இருக்கிறது, ஆனால் குடல் எடுத்துக்கொள்வது அதில் மிகச் சிறிய பங்கு. பேரீச்சையில் 100 கிராமுக்கு 1 மி.கி. அளவுதான். மாதுளையில் அதுவும் இல்லை, 0.3 மி.கி. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி வந்திருக்கிறோம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி நல்ல தேர்வு, ஏனென்றால் இறைச்சியில் இருக்கும் இரும்பைக் குடல் பல மடங்கு எளிதாக எடுத்துக்கொள்ளும். நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும். ஈரலிலும் இரும்பு உண்டு, ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் முதல் மூன்று மாதங்களில் வேண்டாம். உணவைக் குறைத்துப் பேசவில்லை; இருக்கும் இருப்பைக் காக்க அது வேண்டும். ஏற்கெனவே 9-க்கு இறங்கிய ஹீமோகுளோபினை உணவை மட்டும் நம்பிப் பிரசவத்துக்குள் ஏற்றிவிட முடியாது.

அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால்கூட அன்றைய 6 மி.கி. வந்துவிடும். ரத்தசோகை இல்லாதவருக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. 7-க்கும் 11-க்கும் இடையில் இருந்தால் தினம் இரண்டு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபெரஸ் அஸ்கார்பேட், ஃபெரஸ் ஃபியூமரேட் எல்லாம் விலையில்தான் பெரிதாக வேறுபடுகின்றன. பாலிமால்டோஸ் என்ற இன்னொரு இரும்பு வகை வயிற்றைக் குறைவாகப் படுத்தும், ஆனால் உடலில் சேர்வதும் மெதுவாகத்தான். இலவச மாத்திரை என்றால் மட்டம் என்று நினைத்துத் தூக்கிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பெரும்பாலும் சிக்கல் மாத்திரையை விழுங்கும் விதத்தில் இருக்கிறது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு டம்ளர் டீயும் குடித்தால் இரும்பில் பெரும்பகுதி வீணாகிறது. கால்சியத்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், டீ, காபிக்கும் அப்படியே. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நல்லது. குமட்டினால் இரவு படுக்கும் முன் போடலாம். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று பயந்து நிறுத்துகிறார்களே, அதில் துளியும் உண்மை இல்லை.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை; வைட்டமின் பி12 குறைவா, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரை போட்டாயிற்றா என்பதையும் கேளுங்கள்.

சரி, ட்ரிப்ஸ். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 இருக்கிறது, 11-க்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எடை 50, குறையும் 3 கிராம், இந்தக் கணக்கின் மாறா எண் 2.4 மூன்றையும் பெருக்கினால் 360 மி.கி. இரும்பு. உடலின் இரும்புச் சேமிப்புக்கு 500 கூட்டினால் 860 மி.கி. ட்ரிப்ஸில் ஏற்றும் மருந்து அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மி.கி. தான், ஆக ஐந்து முறை வர வேண்டும். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இன்னொரு மருந்து எடையைப் பொறுத்து ஒரே தடவையில் 1000 வரை ஏறும், கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். விலை அதிகம், சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு குறையும். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி ஐந்து முறை வர வேண்டிய பெண் மூன்றாவது தடவையோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். அதனால் கிடைக்கும் இடத்தில் நான் கார்பாக்சிமால்டோஸையே கேட்கச் சொல்வேன். இரண்டையுமே முதல் மூன்று மாதங்களில் ஏற்றுவதில்லை. அரிதாக ஒவ்வாமை வரும் என்பதால் அதைச் சமாளிக்க வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் ஏற்ற வேண்டும்.

ட்ரிப்ஸ் ஏற்றிய மறுநாளே எண் உயராது. சிவப்பணு உருவாகி ஹீமோகுளோபின் ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால்தான் வாரக்கணக்கை வலியுறுத்துகிறேன். 16-வது வாரத்தில் 9 என்றால் மாத்திரை போதும், ட்ரிப்ஸுக்கு அவசரமில்லை. 32-வது வாரத்தில் 8 என்றால் மாத்திரைக்கு இன்னொரு மாதம் கொடுத்துப் பார்ப்பது தவறு, அப்போதே ட்ரிப்ஸ் பற்றிக் கேட்க வேண்டும். 38-ல் 6.5 என்றால் இரும்புக்கு நேரமில்லை, ரத்தம்தான். 5-க்குக் கீழே எந்த மாதமானாலும் உடனே அட்மிஷன்.

ரத்தம் ஏற்றினால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிராம் உயரும். ஆனால் அதில் வரும் இரும்பு 200, 250 மி.கி. தான், 1000-க்கு எங்கே போதும்? பிரசவத்திலும் ரத்தம் போகும். எந்த வழியில் ஏற்றியிருந்தாலும் குழந்தை பிறந்த பிறகு 180 நாள் மாத்திரை உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த அட்டைகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.