ஒரு வார்த்தையா, சேறா? பார்வை கொடுத்த ரெண்டு விதம்

பைபிள்ல மாற்கு 10ம் அதிகாரத்துல பர்திமேயு, யோவான் 9ம் அதிகாரத்துல பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தன், ரெண்டு பேருக்குமே இயேசு பார்வை கொடுக்கிறார் ஆனா விதம் சுத்தமா வேற. பர்திமேயு எரிகோ வழியோரம் பிச்சை எடுத்தவன், கூட்டம் அதட்டியும் இன்னும் சத்தமா கூப்பிடுறான், வரச்சொன்னதும் மேல்வஸ்திரத்தையே வீசிட்டு எழுந்து வர்றான். மாற்கு சொல்றபடி பார்த்தா தொட்டதாகூட இல்ல, என்ன வேணும்னு ஒரு கேள்வி, உன் விசுவாசம்தான் உன்னை குணமாக்குச்சுன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான்.

யோவான்ல வர்றவன் கேட்கவே இல்லங்க! இயேசுவே தரையில துப்பி, சேறு பண்ணி கண்ணுல பூசி, சீலோவாம் குளத்துல போய் கழுவுன்னு அனுப்புறார். யோசிச்சு பாருங்க, கண்ணுல ஈரமண்ணோட, இன்னும் எதுவுமே தெரியாம அந்தக் குளம் வரைக்கும் போயிருக்கான், எனக்கு ரொம்ப நெருக்கமா படுறது அந்த நடைதான். அன்னைக்கு யூதருங்க வேலை செய்யக்கூடாத ஓய்வுநாள் வேற, சேறு பண்ணதே தப்புன்னு, மதச் சட்டத்த கண்டிப்பா பார்க்குற பரிசேயர் விசாரணை, அப்பா அம்மாவ வேற கூப்பிட்டு கேள்வி, கடைசில அவன வெளிய தள்ளிட்டாங்க. பர்திமேயுவுக்கு இந்தத் தொல்லை இல்ல, நேரா இயேசு பின்னாடியே போயிட்டான். இவன் விஷயத்துல, தள்ளிட்டாங்கன்னு கேள்விப்பட்டு இயேசுவே வந்து பார்க்கிறார்.